துவங்கப் பதினொரு நிமிடம்

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு மடிக்கணினி துவங்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பட்டனை அழுத்திவிட்டு அக்கா உலையில் அரிசி போட்டுவிட்டு வருவாள். அப்போதும் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அது பேரனுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் கணினி அதுதான். பேரன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். காலமான மாமாவின் கடைசி ஐந்தாறு வருடப் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை.

விழுப்புரத்துக்கு எடுத்து வந்து ஒரு கடையில் காட்டினேன். பையன் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சிட்டா பறக்கும் சார்" என்றான். "உள்ளே இருக்கிறது?" என்றேன். "அது போயிடும் சார்." பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கணினிக்கு பிரெஞ்சில் 'ஒர்தினாத்தேர்' என்று பெயர். ஐபிஎம் கம்பெனி 1955இல் தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, சொர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே எழுதிக் கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்க வழங்கிய பழைய சொல். ஒழுங்குபடுத்துகிறவரே இப்படித் திணறினால், எந்த இடத்தில் திணறுகிறார் என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்?

பார்த்தேன். முதல் தடங்கல் விண்டோஸ் வருவதற்கு முன்பே இருந்தது. தேதி பழைய வருடத்துக்குப் போய்விட்டது என்று ஒரு செய்தி வந்து, விசையை அழுத்தும் வரை காத்து நின்றது. உள்ளே நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டது.

இரண்டாவது, விண்டோஸ் எழும்போதே கூடவே எழுந்துகொள்ளும் நிரல்களின் கூட்டம். வேண்டாதவற்றை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தேன். இரண்டு நிமிடம் குறைந்தது.

மூன்றாவதுதான் உண்மையான நோய். காதை வைத்தால் உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரியதிலும் சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்குத்தான் அது காணும். மடிக்கணினித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு நூறு இடத்தில்கூட எடுக்க முடியாது. துவங்கும்போதோ ஆயிரக்கணக்கான கோப்புகள் வேண்டும்.

அலுவலகப் பதிவறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ரெக்கார்டு கிளார்க், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருமுறை நடை. அதில் சில கட்டுகள் கரையான் அரித்தவை. பிரித்துப் பிரித்துப் படிக்கிறார். தேய்ந்த டிஸ்க்கும் அப்படித்தான், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். தாமதம் அதனால்தான். இது தயாரித்தவர் குற்றமல்ல, வயது.

பதிவறையில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நைந்த பதிவேட்டைத் தைக்கக் கொடுக்கும் முன் நகல் எடுத்துவிடுவோம். அதையே செய்தேன். பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, படங்களை மட்டும் வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒரு பகலும் பாதி இரவும் ஆயிற்று. நான்கைந்து படங்கள் வரவில்லை. மற்றவை வந்துவிட்டன.

அதன் பிறகுதான் பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடச் சொன்னேன். அதில் சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை, நடையும் இல்லை. இப்போது ஒரு நிமிடத்துக்குள் துவங்குகிறது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டதால், லினக்ஸ் மட்டும் போட்டிருக்கிறோம். வங்கி வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "தம்பி, மாமா மெரினாவில சுண்டல் சாப்பிடுற படம் இருக்குடா. உலை வைக்கக்கூட நேரம் விட மாட்டேங்குது, அதுக்குள்ள வந்துடுது."

உங்கள் வீட்டிலும் இப்படி மெதுவாக எழும் பெட்டி இருந்தால், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நகல் எடுங்கள்.