வளையத்தடியில் நிற்பவர்: வடசென்னை ஆடுகளக் கோடுகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கூடைப்பந்தில் தாக்குதல் முறைகள் மாறிய வரலாற்றை இன்று யார் எழுதினாலும் கர்க் கோல்ட்ஸ்பெரிக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. 2019இல் வந்த அவருடைய ‘ஸ்ப்ரால்பால்’ என்னும் நூல், அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களில் பந்து எந்தெந்த இடத்திலிருந்து எறியப்பட்டது என்பதை வரைபடங்களாக்கிக் காட்டியது. அவர் கொள்கையைச் சுருக்கினால் இப்படி வரும்: மூன்று புள்ளிக் கோடு வந்தது, இரண்டைவிட மூன்று பெரிது என்ற கணக்கு அணிகளுக்கு உறைத்தது, நடுத்தூர எறிதல் அருகியது, வளையத்துக்கு முதுகைக் காட்டி ஆடிய சென்டர்களின் காலம் முடிந்தது. அவருடைய வரைபடங்களில் எனக்கு ஐயமில்லை. காரணமாக அவர் காட்டுவதைத்தான் ஏற்பதற்கில்லை.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். என்.பி.ஏ.வில் அந்தக் கோடு 1979–80 பருவத்திலேயே வந்துவிட்டது. அப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.8 முறைதான் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது. 1999–2000இல் அது 13.7, 2018–19இல் 32. மூன்று இரண்டைவிடப் பெரிது என்று தெரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகள் தேவையா? 1994 முதல் 1997 வரை கோட்டை எல்லாப் பக்கமும் 6.71 மீட்டருக்குக் குறுக்கியபோது எறிதல்கள் கூடின, பழைய தூரம் திரும்பியதும் குறைந்தன என்பது கோல்ட்ஸ்பெரியின் பக்கம் நிற்கும் சான்றுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தூரத்தின் விளைவு. நிலையான ஏற்றம் வந்தது 2001–02க்குப் பிறகு. அந்தப் பருவத்தில்தான், ஆளைவிட்டு இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்புக்கு இருந்த தடை விலகியது. அதற்கு ஈடாக, யாரையும் கையெட்டும் தூரத்தில் காவல் காக்காத தடுப்பாளர் வளையத்தின் முன்னுள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் வந்தது. 2004–05இல், பந்தோடு வருபவரைக் கையால் தடுத்துப் பிடிப்பதன் மேல் பிடி இறுகியது. பந்தோடு உள்ளே நுழைவது எளிதாயிற்று. நுழைபவரைத் தடுக்க வளையத்தடியில் ஒரு நெடியவர் தேவைப்பட்டார். அந்த நெடியவரை அங்கிருந்து வெளியே இழுப்பதே தாக்குதலின் முதல் வேலையாயிற்று. தொலைதூர எறிதல் பெருகியது இந்த வேலைக்காகத்தான் என்பது என் வாதம்.

2021 ஜூன் 18 அன்று கிளிப்பர்ஸ் அணி யூட்டா ஜாஸ் அணியை 131–119 என்று வென்ற ஆட்டம் இதற்கு நல்ல சான்று. யூட்டாவின் ரூடி கோபேர் அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாளர். கிளிப்பர்ஸின் கவாய் லெனார்ட் காயத்தால் ஆடவில்லை. 25 புள்ளிகள் பின்தங்கிய கிளிப்பர்ஸ், வழக்கமான சென்டர் இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே பரப்பியது. மூலையில் நின்ற டெரன்ஸ் மேன் கோபேரின் பொறுப்பு. பந்தோடு ஒருவர் உள்ளே பாய்ந்தபோதெல்லாம் கோபேர் வளையத்தைக் காக்க ஓடினார். பந்து மூலைக்குப் போனது. மேன் எடுத்தது 39 புள்ளிகள், அவற்றில் ஏழு மூன்று புள்ளி எறிதல்கள். வரைபடத்தில் இவை ஏழு வட்டங்களாக மட்டும் தெரியும். வட்டத்துக்கு முன் நடந்த பாய்ச்சலும், கோபேர் எடுத்துவைத்த இரண்டு எட்டும் அதில் பதியாது. கோல்ட்ஸ்பெரியின் முறையிலேயே உள்ள குறை இது: பந்து எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பதிவுசெய்கிறது, தடுப்பாளர் எங்கிருந்து பெயர்க்கப்பட்டார் என்பதை விட்டுவிடுகிறது.

பின்னோக்கிப் போனால் இது புதுச் சிக்கலும் அல்ல. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இலக்கைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே வைத்ததற்கு அவரே சொன்ன காரணம், தடுப்பவர்கள் இலக்கைச் சூழ்ந்து நின்றால் பயனில்லாமல் போகவேண்டும் என்பதே. பத்தடி உயரத்துக் கூடையே வளையக் காவலுக்கு எதிரான முதல் தாக்குதல் உத்தி என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் அவருடைய பதின்மூன்று விதிகளில் எட்டாவது, தடுப்பவர் கூடையைத் தொடுவதையும் அசைப்பதையும்தான் விலக்குகிறது. அதனடியில் நிற்பதை விலக்கவில்லை. 1892 ஜனவரியில் ‘தி ட்ரையாங்கிள்’ இதழில் ஆட்டக்காரர்களின் இடங்களை அவர் வரிசைப்படுத்தியபோது முதலில் வந்தவரே இலக்குக் காவலர். 1930களில் மூன்று நொடி விதி வந்தபோது அது தாக்குபவரை மட்டுமே வெளியேற்றியது. 1944இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில், கீழிறங்கும் பந்தைத் தட்டிவிடுவது தடுப்பாளருக்குத் தடையாயிற்று; நிற்பதற்கு அப்போதும் தடையில்லை. நிற்பவரை வெளியேற்றிய விதி என்.பி.ஏ.வில் 2001இல் வந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிநூலில் இன்றுவரை வரவில்லை.

நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி வரி. இந்தியாவில் நடக்கும் ஆட்டமெல்லாம் ஃபீபா விதிப்படிதான். நெடிய தடுப்பாளர் ஆட்டம் முழுக்க வளையத்தடியிலேயே நிற்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று பிரான்ஸ் அமெரிக்காவை 83–76 என்று வென்றது. பிரான்சின் சென்டர் அதே கோபேர். ஒரே ஆட்டத்தை வைத்து விதிமாற்றத்தின் பலனை அளந்துவிட முடியாது; இறுதிப் போட்டியில் அமெரிக்காவே பிரான்சை 87–82 என்று வென்றது. எனினும், பாதி வேலையை விதியே செய்துகொடுக்கும் ஆட்டத்தில் உருவான உத்திகளை, விதி கைகொடுக்காத ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுவரும் நம் பயிற்சியாளர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்டு சென்னைக்கு நேர்வழியிலேயே வந்தது. அங்கே பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் கூடைப்பந்து எப்போது வந்தது என்பதற்கு 1894, 1930 என இரண்டு ஆண்டுகள் புழங்குகின்றன. முன்னது, நெய்ஸ்மித்தின் முதல் ஆட்டத்தில் ஆடிய டங்கன் பேட்டன் இந்தியா வந்ததோடு தொடர்புடையது. பின்னது, 1934இல் தில்லியில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு நெருக்கமானது. 1920இலேயே ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர் நடத்திய கல்லூரி பத்தாண்டுகள் இந்த ஆட்டத்தைத் தொடாமல் இருந்தது என்று நம்புவது கடினம். ஆனால் இதைக் கொண்டு மூன்றாவது ஓர் ஆண்டை முன்மொழிய நான் துணியவில்லை.

சென்னை ஆட்டத்துக்கு எறிதல் வரைபடங்கள் இல்லை. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையின் ஆட்டங்களுக்குக்கூடப் பதக்கப் பட்டியல் கிடைக்கும், எந்த இடத்திலிருந்து எறிந்தார் என்ற பட்டியல் கிடைக்காது. ஆகவே வேறுவகைச் சான்றைத் தேட வேண்டியிருக்கிறது. காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இடையே, எண்ணூர் விரைவுச் சாலைக்கு மேற்கே, ஒரு திறந்த சிமென்ட் ஆடுகளம் இருக்கிறது. அதன் வடக்கு ரிங்கின் கீழே இரண்டு அடுக்குக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. அடியில் இருப்பது மங்கிய மஞ்சள்: அடிக்கோட்டில் 6 மீட்டர், ஃப்ரீ த்ரோ கோட்டில் 3.6 மீட்டர் அகலமுள்ள, சரிவக வடிவ மூன்று நொடிப் பகுதி. 1956 முதல் 2010 வரை ஃபீபா வழக்கத்தில் இருந்தது அது. அதே மஞ்சளில் 6.25 மீட்டர் வளைவும் இருப்பதால் அந்த அடுக்கு 1984க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஃபீபா மூன்று புள்ளியை ஏற்றது அவ்வாண்டில்தான். மேலே இருப்பது வெள்ளை: 4.9 மீட்டர் அகலச் செவ்வகம், 6.75 மீட்டர் வளைவு. 2010க்குப் பிந்தியது என்பதற்கு மேல் அதன் ஆண்டைச் சொல்ல வழியில்லை.

இரண்டையும் நாடா வைத்து அளந்தால் ஒன்று புலப்படும். வளைவு 50 சென்டிமீட்டர் வெளியே போயிருக்கிறது. அடிக்கோட்டு ஓரத்தில் மூன்று நொடிப் பகுதியின் எல்லை ஒவ்வொரு பக்கமும் 55 சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. 2010இன் மாற்றத்தைப் பேசுவோர் வளைவை மட்டுமே பேசுகிறார்கள். ஆனால் தாக்கும் அணியின் நெடியவர், நொடிக்கணக்குக்கு அஞ்சாமல் வளையத்துக்கு அரை மீட்டர் நெருக்கமாக, தடுப்பாளரின் முதுகுப்புறத்தில் நிற்க இடம் கிடைத்தது அப்போதுதான். முன்னால் பாய்பவரைத் தடுக்கப் போனால் பின்னால் நிற்பவருக்குப் பந்து போகும். வெளியே இழுப்பதும் பின்னால் ஒளிவதும் ஒரே விதிமாற்றத்தில் சேர்ந்து வந்தன.

இந்த ஆடுகளத்தில் வெள்ளைச் செவ்வகத்தின் பக்கக்கோடு அடிக்கோட்டை ஒட்டிய முதல் ஒரு மீட்டரில் அழிந்தே போயிருக்கிறது. மூலைகளில் 6.75 வளைவின் நேர்க்கோடு ஏறத்தாழ முழுதாக இருக்கிறது. ஃப்ரீ த்ரோவின்போது ரிபவுண்டுக்கு வரிசையாக நிற்பவர்களின் கால் தேய்த்தது என்று மறுக்கலாம். ஆனால் அவர்களின் முதல் இடமே அடிக்கோட்டிலிருந்து 1.75 மீட்டரில்தான் தொடங்குகிறது. அங்கே வெள்ளை பளிச்சென்று இருக்கிறது. மூலையில் இருசக்கர வண்டிகள் நிறுத்தப்படுவதுண்டு. அது பூச்சைத் தேய்க்குமே தவிரக் காக்காது. ஆகவே இங்கே தாக்குபவர்கள் நின்ற இடம் அடிக்கோட்டு ஓரம், மூலையல்ல என்றே கொள்கிறேன்.

காற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சி நடப்பது மாலையில். அப்போது கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும். ஆடுகளம் வடக்குத் தெற்காக இருப்பதால் காற்று குறுக்கே வீசுகிறது. 6.75 மீட்டரிலிருந்து கிளம்பும் பந்து காற்றில் இருக்கும் நேரம் அதிகம், விலகலும் அதிகம். வெளியிலிருந்து எறிவார்கள் என்ற அச்சம் இல்லாத இடத்தில் தடுக்கும் சென்டர் வெளியே வரமாட்டார். அப்படியானால் அவரை வெல்ல இருக்கும் வழிகள் குறைவு: ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவருக்குப் பந்தைக் கொடுத்து அவரை ஓரடியாவது முன்னே வரவைப்பது, அவர் கை எட்டுமுன் நின்று பந்தை உயரத் தூக்கிவிடும் ஃப்ளோட்டர், முதுகுப்புறத்து ஆளுக்குச் சிறு பாஸ். ஃபீபா 2010இல் கொண்டுவந்த, மோதலுக்குத் தடுப்பாளர் பயன்பெற முடியாத 1.25 மீட்டர் அரைவட்டம் இந்த ஆடுகளத்தில் வரையப்படவே இல்லை. அது இல்லாத இடத்தில் வளையத்துக்கு நேர்கீழே நின்று மோதலை வாங்கும் தடுப்பாளருக்கே நடுவரின் விசில் சாதகமாகும். பாய்பவர் முன்னதாகவே நிற்கப் பழகியே ஆகவேண்டும். ஒற்றை ஆடுகளத்தின் ஒரு முனையை வைத்து வடசென்னை முழுவதற்கும் பேசுவது மிகை என்பார்கள். தெற்கு ரிங்கின் கீழே பூச்சு முற்றாக உதிர்ந்துவிட்டதால் ஒப்பிட வழியில்லை. இருந்தும், தொலைதூர எறிதலின் கணக்கு மட்டுமே தாக்குதலை மாற்றியது என்ற கொள்கையால் இந்த ஒரு முனையைக்கூட விளக்க முடியவில்லை.

பழைய சிமென்ட் ஆடுகளங்களின் மேல் செயற்கைப் பூச்சு ஏறினால் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தே மறையும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும், மறுபூச்சுக்கு முன்பு தங்கள் ஆடுகளக் கோடுகளை ஒருமுறை அளந்து, தேய்ந்த இடங்களைக் குறித்து, படமெடுத்து வைக்க வேண்டுகிறேன். இரண்டு மூன்று ஆடுகளங்களின் அளவு கிடைத்தாலும் மேலே சொன்னதைச் சரிபார்க்கலாம், தவறென்றால் தள்ளிவிடலாம்.