புத்தளக் கரையின் மணற்கேணிகள்

புத்தளம் என்னும் பெயர் உப்பளத்தினின்று பிறந்தது என்பர் சிலர். பெயர்க் காரணம் எதுவாயினும், உப்பு விளையும் அக்கரையில் நன்னீர் ஊறுவதே பெரு வியப்பாகும். களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் மணலைச் சிறிது தோண்டினாற் போதும்; பளிங்கு போன்ற நீர் சுரக்கின்றது. இருபுறமும் உவர், நடுவே இனிமை. ஒல்லாந்தர் 1667இல் கோட்டை எழுப்பத் தொடங்கியதும் இக்கரையிலேதான்.

உட்புறத்தே வண்ணாத்திவில்லுப் பகுதியின் நிலத்தடி நீர் வேறு வகையினது. அங்கே சுண்ணாம்புக் கல்லடுக்குகளுள் ஆழத்தில் அடைபட்ட நீர், துளையிட்டவிடத்துத் தானே மேலெழுவதுண்டு. கற்பிட்டியின் நீரோ முழுவதும் மழையின் கொடை. மணலூடே இறங்கிய மழைநீர், கடல்நீரினும் எடை குறைந்ததாதலால், அதன்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் செருமானியர் எர்ஸ்பேர்க்கும் தனித்தனியே விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி உயர்ந்துவிடும்!

உவர் ஏறினால் நாவே சொல்லிவிடும். நாவும் அறியாத தீங்கொன்று உண்டு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கோம்லி, பண்ணைக் கிணற்று நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பெற்ற குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, அதன் காரணத்தை வெளியிட்டார். நீரிற் கரைந்திருந்த நைத்திரேற்று என்னும் உப்பே அது. குழந்தையின் வயிற்றில் அது மாற்றமடைந்து, குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இவ்வுப்பு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. வெறும் மணலில் விளைவு காண உரம் மிகுதியாக வேண்டும். நாள்தோறும் நீரும் வேண்டும். இட்ட உரத்தை வேர் உண்டது போக, எஞ்சியதை அந்நீரே கீழே கொண்டு சென்றது. 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள், பயிர்நிலத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வரையறையைக் கடந்திருத்தலைக் காட்டின. அக்காலத்திலேதான் குடிசனமும் பெருகிற்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். உடுத்த துணியோடு வந்தோர்க்கு மணற்கிணறே முதல் உதவி. நெருங்கிய குடியிருப்பில் கிணறும் மலகூடமும் அருகருகே அமைந்தால், அங்கும் இதே உப்புத்தான் நீரிற் சேரும்.

களிமண்ணாயின் ஓரளவு தடுக்கும். மணல் எதனையும் தடுப்பதில்லை. மழையை விரைந்து உள்வாங்கி நன்னீரை ஆக்கித் தரும் அதே இயல்புதான் உரத்தையும் கழிவையும் உள்ளே விடுகின்றது. இவ்வுப்புக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கிருமிக்கு அஞ்சி நீரைக் காய்ச்சும் தாய், நீர் ஆவியாகக் குறைய, உப்பைச் செறியவே செய்கின்றாள். ஆய்வுகூடத்துக் குழாயன்றி வேறெதுவும் அதனைக் காட்டாது.