விளம்பர வரலாற்றில் சமூக ஊடகம்: இலவச மாதிரி முதல் வாட்ஸ்அப் வரை

முன்னுரை

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை அடுத்துள்ளது சென்னீர்குப்பம். இங்கிருந்து ஆவடி செல்லும் சாலையில் தையல் கடை, மாவுக் கடை, கேக் கடை எனச் சிறு கடைகள் பல உள்ளன. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியில் புதுக்கடை திறந்தால் நாளிதழுக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்புவார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பார்கள். இன்று அதே வேலையைக் கடைக்காரரின் கைப்பேசி செய்கிறது. கருவி புதிதாக இருந்தாலும், வாங்குபவரின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்ற கேள்வி பழையதுதான். அக்கேள்விக்கு நம் நாட்டு வணிகர்கள் கண்ட விடைகளையும், சமூக ஊடகம் கொண்டுவந்த மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கச்சேரியில் கொடுத்த தைலம்

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ஆம் ஆண்டு பம்பாயில் அமிர்தாஞ்சன் என்னும் தலைவலித் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். பெயர் தெரியாத மருந்தை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பதால், இசைக் கச்சேரிகளுக்கு வருபவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்தார். தடவிப் பார்த்துப் பலன் கண்டவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். பிற்காலத்தில் அவர் சென்னைக்கு வந்தார்; 1914 முதல் இங்கிருந்து ஆந்திர பத்திரிகா நாளிதழை நடத்தினார். மயிலாப்பூரில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கியது.

அவர் கச்சேரியைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. மக்கள் தாமாக விரும்பிக் கூடும் இடம் அது. அங்கு ஒருவர் அறிந்ததைப் பக்கத்தில் இருப்பவரும் அறிவார். இன்றைய சமூக ஊடகத்தின் அடிப்படையும் இதுவே.

ஐந்து காலி உறைகள்

இரண்டாவது எடுத்துக்காட்டு கடலூரைச் சேர்ந்தது. ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்தே ‘சிக்’ என்ற பெயரை எடுத்துத் தம் ஷாம்புக்கு வைத்தார். அந்நிறுவனமே பின்னர் கெவின்கேர் ஆயிற்று.

அவருடைய விற்பனையாளர்கள் கிராமங்களுக்குச் சென்று, ஒரு சிறுவனின் தலையை எல்லோர் முன்னிலையிலும் ஷாம்பு போட்டு அலசிக் காட்டினர். கூடியிருந்தவர்கள் முடியைத் தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். எந்த ஷாம்பாக இருந்தாலும் ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகிய பின்னர், சிக் உறைகளுக்கு மட்டுமே அச்சலுகை என மாற்றினார். இன்று செய்முறையைக் காணொளியாகப் போடுவதற்கும் பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தருவதற்கும் இவற்றை முன்மாதிரிகளாகக் கொள்ளலாம்.

சமூக ஊடகங்களின் வருகை

ஃபேஸ்புக் 2004இலும், யூடியூப் 2005இலும், வாட்ஸ்அப் 2009இலும், இன்ஸ்டாகிராம் 2010இலும் தோன்றின. ஆயினும் இந்தியாவில் இவை எளிய மக்களின் கைக்குப் பரவலாக வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையக் கட்டணம் பெருமளவு குறைந்த பிறகே. அதே ஆண்டில் யுபிஐ பணப்பரிமாற்றமும் அறிமுகமானது. 2018 ஜனவரியில் சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வெளியானது. பொருளைக் காட்டுவது, பேசுவது, பணம் பெறுவது ஆகிய மூன்றும் ஒரே கைப்பேசியில் அடங்கின.

2018இல் புதுக்கோட்டை மாவட்டத்து வீரமங்கலத்தில் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் குறிப்பிடத்தக்கது. ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதைக் காட்டிய இந்த யூடியூப் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. பார்ப்பவருக்கு முதலில் ஒரு பயனோ மகிழ்ச்சியோ கொடுத்தால் கூட்டம் தானே சேரும் என்பதை இது காட்டியது.

கூட்டத்தின் மறுபக்கம்

சமூக ஊடகம் வணிகத்தை வளர்ப்பது போலவே முடக்கவும் வல்லது. 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு இளைஞர்கள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாகத் திரண்டனர். வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் குரலும் அப்போது எழுந்தது. மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பெருநிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்த விளம்பரம் அந்த வேகத்தைத் தடுக்கவில்லை.

இன்னொரு பாடம் டிக்டாக். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அச்செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, அம்மாதமே நீக்கியது. பின்னர் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டுமே வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தவர்களுக்கு அத்தனை தொடர்பும் அறுந்தது. கச்சேரி மண்டபம் மூடினாலும் தைலத்தின் பெயர் மக்கள் நினைவில் இருந்தது. செயலி மூடியபோது, பின்தொடர்பவர்களின் பெயரும் எண்ணும் வணிகர் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியதும் இதையே நினைவூட்டியது.

சட்டத்தின் கண்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதல்களும் வந்துள்ளன.

சிறு வணிகர்களுக்கான பாடங்கள்

1. பொருளின் உண்மையான படத்தையும் விலையையும் பதிவிலேயே தர வேண்டும். விலையை மறைத்தால் ஐயம் வளரும்.

2. செய்முறையைக் காட்ட வேண்டும். மாவு அரைப்பதும் துணி வெட்டுவதும் நல்ல காணொளிகளே.

3. குறை சொல்பவரின் பதிவை அழிக்காமல், அதே இடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

4. வாடிக்கையாளரின் சம்மதம் பெற்று, அவருடைய பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அனுமதியின்றி நாள்தோறும் செய்தி அனுப்பினால் நம் எண்ணைத் தடுத்துவிடுவார்கள்.

5. ஒரே செயலியை நம்பியிருக்கக் கூடாது.

முடிவுரை

அமிர்தாஞ்சனுக்குக் கச்சேரியும் சிக் ஷாம்புக்குக் கிராமத்துத் தெருவும் கிடைத்தது போல, இன்றைய சிறு வணிகருக்குக் கைப்பேசித் திரை கிடைத்திருக்கிறது. பெரிய முதல் இல்லாதவரும் பத்துத் தெரு தாண்டி அறியப்படலாம் என்பது இதன் பெரும் நன்மை. ஆனால் அந்தத் திரை வேறொருவருக்குச் சொந்தமானது. எந்த நாளிலும் அது மாறலாம். அன்று வாடிக்கையாளர் கடையைத் தேடி வருவாரா என்பது அதுவரை அவருக்குக் கிடைத்த பொருளையும் பேச்சையும் பொறுத்தது. சமூக ஊடகத்தில் தொழில் செய்ய விரும்பும் மாணவர்கள் இவ்வரலாற்றை மனத்தில் கொள்வது நல்லது.