சீதாபுல்டிப் போரும் மண்பொம்மைச் சிப்பாய்களும்

நாகபுரி ரயில் நிலையத்தை அடுத்து ஓங்கி நிற்பது சீதாபுல்டிக் குன்று. பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நம்மவர் அதன் நிழலிலே வாழ்ந்து, அதன் அடிவாரத்துக் கடைவீதியிலே சாமான் வாங்கி, மக்களைப் பெற்று வளர்த்திருக்கின்றனர். ஆயினும் நமக்கு முன்பே நம் நாட்டார் சிலர் இங்கு வந்து, இக்குன்றின்மீது குருதி சிந்திய வரலாற்றை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. அதனை நமக்கு எடுத்துரைத்தவர்கள், விந்தையாக, நம் காலனிச் சிறுவர்களே.

மராட்டிய நாட்டில் தீபாவளிதோறும் சிறுவர்கள் வாசலில் மண்ணால் கோட்டை கட்டி, சிவாஜி மகாராஜாவையும் அவருடைய மாவளி வீரர்களையும் பொம்மைகளாக நிறுத்தி மகிழ்வது வழக்கம். நம் நவராத்திரிக் கொலுவுக்கு அது தங்கை முறை எனலாம். நம் பிள்ளைகளும் அண்டைவீட்டு மராட்டியப் பிள்ளைகளும் சேர்ந்து, கோட்டைக்குப் பதிலாகச் சீதாபுல்டியின் இரு குன்றுகளையும் மண்ணால் அமைத்து, 1817ஆம் ஆண்டுப் போரை மீண்டும் நடத்திப் பார்த்தனர். இதனை வெறும் விளையாட்டென்று தள்ளுவதற்கில்லை. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியாகிய ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டிலேயே போர்ப்பயிற்சிக்காக இத்தகைய ஆட்டத்திற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் நடத்தும் முறைபற்றி 'லிட்டில் வார்ஸ்' என்றொரு நூலே எழுதினார்.

முதலில் போரின் காரணத்தைச் சிறிது கூறுவோம். நாகபுரியை ஆண்ட போன்ஸ்லே மரபினரான அப்பா சாகேப், 1816இல் கம்பெனியாருடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். மறு ஆண்டு பூனாவில் பேஷ்வா கம்பெனியாரை எதிர்த்துக் கிளம்பவே, இவரும் அவர் பக்கம் சாய்ந்து, நவம்பர் 24ஆம் தேதி பேஷ்வா அனுப்பிய சேனாபதிப் பட்டத்தை வெளிப்படையாக ஏற்றார். ரெசிடெண்டாக இருந்த ஜென்கின்ஸின் இருப்பிடத்தைக் காக்க, கர்னல் ஹோப்டன் ஸ்காட் படையுடன் குன்றுகளின்மேல் ஏறினார். அவரிடம் இருந்தோர் 1,400க்கு உட்பட்டவரே. சென்னை ராஜதானியின் 20ஆம், 24ஆம் காலாட்படைகள் அவர்களுள் பெரும்பகுதி. எதிரே நின்றோர் ஏறத்தாழ 18,000 பேர். அவர்களுள் அஞ்சாமைக்குப் பேர்போன அராபிய வீரர்கள் பலர்.

ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று நம் சிறுவர்கள் கணக்கு வகுத்தனர். அவ்வாறாயின் குன்றின்மேல் 28 பொம்மைகள், கீழே 360. அத்தனை பொம்மைக்கு எங்கே போவது? மாவளி வீரர்கள் போதாமல், கொலுப்பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மைகளும் போலீஸ்காரர் பொம்மைகளும் போன்ஸ்லே படையில் சேர்ந்தன. ஊரை ஒட்டிய சிறிய குன்றில் 24ஆம் படையைச் சேர்ந்த 300 பேர் நின்றனர் என்பது வரலாறு. ஆட்டத்தில் அவர்கள் ஆறே பொம்மைகள். ஏட்டில் எண்ணாகப் படிக்கையில் தோன்றாத திகில், அந்த ஆறு பொம்மைகளைக் கண்டபோது நமக்குத் தோன்றிற்று.

சிறிய குன்றைக் கைவிட்டுப் பெரிய குன்றில் எல்லோரும் கூடி நின்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டான். அவ்வாறே ஆடிப் பார்த்தனர். சிறிய குன்றில் எதிரியின் பீரங்கி ஏறியதும் பெரிய குன்றில் நிற்க இடமில்லாது போயிற்று. மெய்யான போரிலும் அதுவே நிகழ்ந்தது. 26ஆம் தேதி மாலை தொடங்கிய போர் இரவெல்லாம் நீடித்தது. சிறிய குன்றில் நின்றோர் தாக்குதல் மேல் தாக்குதலைத் தாங்கினர். மறுநாள் காலையில் அங்கே வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துக் குழப்பம் உண்டாகவே, அராபியர் பாய்ந்தேறிக் குன்றைப் பிடித்தனர். அங்கிருந்த பீரங்கியையும் பெரிய குன்றின்மேல் திருப்பினர். அந்நிலையில் கேப்டன் பிட்ஸ்ஜெரால்டு என்பார் வங்காளக் குதிரைப்படையுடன் சமவெளியில் பாய்ந்து எதிரியைச் சிதறடித்தார். பின்னர் அராபியரிடையேயும் ஒரு மருந்து வண்டி வெடித்தது. சிப்பாய்கள் குன்றை மீட்டனர். 27ஆம் தேதி நண்பகலில் போர் ஓய்ந்தது. கம்பெனிப் படையில் மாண்டோரும் காயமுற்றோரும் 367 பேர். அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கு எழுந்தது. "வென்றது எங்கள் கட்சி" என்றான் நம் பையன் ஒருவன். "வெள்ளைக்காரன் கட்சி உங்கள் கட்சியா?" என்றான் மராட்டியச் சிறுவன். நியாயமான கேள்விதான். கம்பெனி வென்றதால் நாகபுரி அதன் பிடியில் சிக்கிற்று. 1853இல் டல்ஹவுசி காலத்தில் நாடே பறிபோயிற்று. அந்த வெற்றியை நாம் கொண்டாடுவது தகாது.

ஆனால் அச்சிப்பாய்களை மறப்பதும் தகாது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, புதிய தலைப்பாகையையும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாதென்ற உத்தரவையும் பொறாமல் வேலூரிலே சிப்பாய்கள் எழுந்தனர். அதன் தண்டனையாக முதலாம் ரெஜிமெண்டின் எண்ணே படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வழியில் வந்தோர்க்கு 24 என்ற எண் தரப்பட்டது. சீதாபுல்டியில் சிறிய குன்றைக் காத்தோர் இவர்களே! போர் முடிந்தபின் இவர்கள் வேண்டிய பரிசு, தங்கள் பழைய எண்ணைத் திரும்பத் தரவேண்டும் என்பதே. அவ்வாறே முதலாம் எண் மீண்டது.

தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாக இருந்த அச்சிப்பாய்கள் மாதச் சம்பளத்திற்காக ஊரைவிட்டு வந்தவர்கள். யாருக்காகப் போரிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தமக்கென்று அவர்கள் கேட்டது இழந்த மானம் ஒன்றே. உத்தியோகத்தை நம்பித் தொலைதூரம் வந்து வாழும் நமக்கு அவர்கள் மனம் விளங்காததன்று. அவர்களோடு போரிட்டு மாண்ட போன்ஸ்லே வீரரும் இம்மண்ணின் மானத்திற்காகவே நின்றனர். இரு திறத்தாரையும் ஒருங்கே நினைப்பதுதான், இவ்வூர்ச் சோற்றை உண்ணும் நமக்கு முறை.

அடுத்த ஆட்டத்தில் நம் பிள்ளைகள் போன்ஸ்லே கட்சி, மராட்டியப் பிள்ளைகள் குன்றின்மேல் என்று சிறுவர்கள் தாமே உடன்பட்டுவிட்டனர். குன்றின்மேல் பின்னர் எழுந்த கோட்டை இந்திய ராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாள்களில் பொதுமக்களை உள்ளே விடுகின்றனர். அன்று ஒருமுறை குடும்பத்துடன் ஏறிச் சென்று, சிறிய குன்று எங்கே என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் காட்டுவார்கள்.