பெட் ஸ்கேன்: பத்து வருஷம் காத்திருந்த ஒரு வளையத்தின் கதை

1/ 1950-ல் சி.டி. ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ. கிடையாது. மூளையில கட்டின்னு சந்தேகம் வந்தா, இருந்த சோதனைகள்ல ஒண்ணு: முதுகுத்தண்டு வழியா காத்தை ஏத்தி எக்ஸ்ரே எடுக்கறது. கடுமையான தலைவலி, வாந்தி. அப்பவும் கட்டி நேரா தெரியாது. காத்து நிறைஞ்ச அறைகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்குன்னு பார்த்து டாக்டர் ஊகிக்கணும்.

2/ அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில வில்லியம் ஸ்வீட்ங்கற மூளை அறுவை நிபுணரும் கோர்டன் பிரவுனெல்ங்கற இயற்பியலாளரும் வேற வழி தேடினாங்க. பாசிட்ரான் வெளியிடற மருந்தை ஊசியில ஏத்தினா அது கட்டியில கூடுதலா சேரும். பாசிட்ரான் ஒரு எலக்ட்ரானைச் சந்திச்சதும் ரெண்டும் அழிஞ்சு, ரெண்டு காமா கதிர் நேர் எதிர்த்திசையில கிளம்பும்.

3/ தலைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டர் வெச்சாங்க. ரெண்டும் ஒரே சமயத்துல கதிரைப் பிடிச்சா, அது கிளம்பின இடம் ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேர்கோட்டுலதான். 1951-லேயே இந்த முறை வெளியாச்சு. ஆனா கோடு தெரியுமே தவிர, கோட்டுல எந்தப் புள்ளின்னு தெரியாது.

4/ அப்ப தலையைச் சுத்தியே டிடெக்டர் வெச்சா? 1960-களின் தொடக்கத்துல புரூக்ஹேவன் ஆய்வகத்துல அதைச் செஞ்சாங்க. 32 டிடெக்டர் கொண்ட வளையம். செல்லப்பேர் 'ஹெட் ஷ்ரிங்கர்', அதாவது தலைசுருக்கி. ஐடியா சரி. ஆனா ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்து ஒரு படமாக்கற கணக்கும் கம்ப்யூட்டரும் அவங்க கையில இல்ல.

5/ இதுல ஒரு வேடிக்கை. அந்தக் கணக்கை ஆலன் கார்மாக் 1963-லேயே எழுதி வெளியிட்டார். கண்டுக்க ஆள் இல்ல! 1972-ல் சி.டி. ஸ்கேன் அறிமுகமான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1979-ல் நோபல்.

6/ அந்தப் பழைய வளையம் கனடாவுல மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்துக்குப் போச்சு. 1970-களின் நடுவுல, கம்ப்யூட்டர் துணையோட, மூளையின் குறுக்குவெட்டுப் படம் கொடுத்தது. அதே காலத்துல செயின்ட் லூயிஸ்ல டெர்-போகோசியன், ஃபெல்ப்ஸ், ஹாஃப்மன் அறுகோண ஸ்கேனர் கட்டினாங்க.

7/ அடுத்த தலைவலி, டிடெக்டருக்குள்ள இருக்கற படிகம். சோடியம் அயோடைடு ஈரம் பட்டா கெட்டுடும், மூடி வெக்கணும். நிறைய கதிர் அதுல சிக்காம ஊடுருவிப் போயிடும். 1970-களின் கடைசியில மாண்ட்ரியல் குழு பிஸ்மத் ஜெர்மனேட்டுக்கு மாறினது. இது அடர்த்தி அதிகம், ஈரத்துக்கும் பயம் இல்ல. சின்னச் சின்னதா நெருக்கி அடுக்கலாம். படிகம் சின்னதானா படம் துல்லியம்.

8/ 1976-ல் புரூக்ஹேவன் வேதியியலாளர்கள் ஃப்ளோரின்-18 சேர்த்த குளுக்கோஸை பிலடெல்பியாவுக்கு அனுப்பினாங்க. 110 நிமிஷத்துல கதிர்வீச்சு பாதியாகிடும், அதனால ஓட்டம்தான்! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ரெண்டு தன்னார்வலர்களுக்கு முதல்முறையா செலுத்தினாங்க. மூளை எங்க எவ்வளவு சர்க்கரையை இழுக்குதுன்னு பார்க்க வழி பிறந்தது.

9/ இன்னைக்கு, மாத்திரைக்கு அடங்காத வலிப்பு இருந்தும் எம்.ஆர்.ஐ. நார்மல்னு வர்றவங்க உண்டு. அவங்கள்ல சிலருக்கு, சர்க்கரையைக் குறைவா இழுக்கற ஒரு மூலையை பெட் ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். அறுவை செய்யலாமாங்கற முடிவே அதனால மாறலாம். படம் தராத அந்த 32 டிடெக்டர் வளையத்தை யாரும் தூக்கிப் போடல. அதுக்கு நாம நன்றி சொல்லணும்.