காலில்லாப் பறவையும் ஒரு லத்தீன் சொல்லும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு லத்தீன் எதற்கு என்று கேட்காதீர்கள். இது ஒரு வியாபாரக் கதைதான்.

உயிரினங்களின் அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம். இரண்டாவது பெரும்பாலும் ஒரு பெயரடை. நிறம், வடிவம், ஊர் என்று எதையாவது சொல்லும். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று 'நல்ல' மாறுவதே இல்லை. லத்தீனில் பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப மாறும். அதனால்தான் மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா, எள் செசாமம் இண்டிகம். இரண்டுக்கும் 'இந்திய' என்றுதான் பொருள்.

சரி, கதைக்கு வருவோம். நியூகினிப் பகுதி மக்கள் சொர்க்கப் பறவையை வேட்டையாடி, காலை வெட்டிவிட்டு, இறகோடு தோலைப் பதப்படுத்தி விற்றார்கள். மகெல்லனின் கப்பல்களில் உலகைச் சுற்றி முடித்த ஒரே கப்பலான விக்டோரியா, 1522-ல் ஸ்பெயின் திரும்பியது. மொலுக்கஸ் பகுதியில் ஒரு சுல்தான் ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்தனுப்பிய பறவைத் தோல்களும் அதில் வந்தன. பார்த்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள். இதற்குக் காலே இல்லையாம், தரையில் இறங்காதாம், வானத்திலேயே மிதந்து பனித்துளி குடிக்குமாம்!

இத்தனைக்கும் அதே கப்பலில் வந்த பிகாஃபெட்டா, பறவைக்கு மெலிந்த கால்கள் உண்டு என்று எழுதி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

236 வருடம் கழித்து, 1758-ல், லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் பாரடைசியா அபோடா. அபோடா என்றால் காலில்லாதது. வேர் கிரேக்கம், உடுப்பு லத்தீன். 1857-ல் வாலஸ் ஆரு தீவுகளுக்குப் போய், கிளைகளில் வாழும் இந்தப் பறவையை நேரிலேயே ஆராய்ந்தார். பெயர் மட்டும் மாறவில்லை. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கக்கூடாது என்பது விலங்குப் பெயரிடல் விதி. அதிலும் நியாயம் உண்டு. ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தால் பழைய நூல்களில் எது எந்தப் பறவை என்றே தெரியாமல் போய்விடும்.

பேரேட்டில் தவறு வந்தால் நாங்கள் திருத்தப் பதிவு போடுவோம். இங்கே அதற்கும் வழியில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பறவைக்குக் கால் உண்டு என்று வெட்டிய வேடனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெயரில் நிலைத்தது விற்றவனுக்குத் தெரிந்த உண்மை அல்ல, வாங்கியவன் கண்ணில் பட்டது மட்டும்தான்.