ஓதுப்பள்ளியும் அதன் ஆசானும்

தோற்பதனிடும் தொழிலையும், 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயிலையும் பற்றுக்கோடாகக் கொண்டு வளர்ந்த பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய புறநகர்களில், பிழைப்பை நாடிக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் ஊர்களிலிருந்து உடன்கொணர்ந்த செல்வங்களுள், சிறார்க்குத் திருக்குர்ஆனை மனனம் செய்விக்கும் வழக்கமும் ஒன்றாகும்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆழ வேரூன்றிய வித்தை அது. ரிஹால் என்னும் ஏட்டுப்பலகையின்மீது விரித்த ஏட்டில் விரலை ஊன்றி, உஸ்தாத் எனப்படும் ஆசான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் குழந்தை, அல்ஃபாத்திஹாவை முடித்தபின், இறுதி அத்தியாயமாகிய அந்நாஸிலிருந்து பின்னோக்கியே பெரும்பாலும் செல்கிறது. சிறிய அத்தியாயங்கள் அங்கே நிறைந்திருப்பதே காரணம். இறுதிப் பாகமாகிய முப்பதாம் ஜுஸ்உவில் மட்டும் 37 அத்தியாயங்கள் உண்டு. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள பேதத்தை எந்த ஏட்டாலும் கற்பிக்க இயலாது. ஆசானின் வாயை உற்றுநோக்கியே அது கைவரப்பெற வேண்டும். நேற்றைய பாடத்தை ஒப்பித்தாலன்றி இன்றைய பாடம் கிடைப்பதில்லை. 114 அத்தியாயங்களையும் இவ்வாறு நெஞ்சில் நிறுத்தியவரே ஹாஃபிழ் என்னும் பட்டத்துக்கு உரியவராகிறார்.

பொருளறியாது ஓதுவதால் யாது பயன் என வினவுவோர் உளர். அவ்வினாவை நான் அலட்சியம் செய்யேன். எனினும், அரபு எழுத்தைக் கற்ற பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், அதே எழுத்தில் அமைந்த அரபுத்தமிழ் நூல்களை வாசிக்கும் ஆற்றலை அதனால் எய்தினர் என்பதைச் சரித்திரம் மறைக்கவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தம் நூல்கள் சிலவற்றை அவ்வெழுத்தில் இயற்றியது அத்தகைய வாசகர்களை முன்னிட்டே. ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் திருக்குர்ஆன் முழுத் தமிழாக்கம் 1949-இல் வெளிவந்தபின், பொருளும் எளிதில் எட்டுவதாயிற்று.

சுதேசி முஸ்லிம் பள்ளிகள் லௌகிகப் பாடங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஊக்கப்படுத்தப்பட வேண்டும் என 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷன் பரிந்துரைத்தது. இன்றோ ஆரம்பப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை, அதற்கு முன்போ பின்போ மக்தப் எனப்படும் ஓதுப்பள்ளிக்கும் செல்கிறது. கீழக்கரையிற் பிறந்த பி. எஸ். அப்துர் ரஹ்மான் 1984-இல் பொறியியற் கல்லூரி நிறுவிய வண்டலூரிலேயே புஹாரி ஆலிம் அரபிக் கல்லூரியும் இயங்கிவருவது, இருவகைக் கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்குப் போதிய சான்று.

உலமாக்களுக்கென ஒரு நலவாரியத்தைத் தமிழக அரசு 2009-இல் அமைத்தது நன்றே. ஆயினும், அன்றாடம் குழந்தைகளின் நாவைத் திருத்தி அமர்ந்திருக்கும் உஸ்தாதின் ஜீவனத்துக்கு முதற்கண் பொறுப்பாளிகள் பள்ளிவாசல் ஜமாஅத்தாரே. மினாராவுக்கு நிதி திரட்டும் பெரியோர்கள், அவருடைய மாதச் சம்பளத்தை அதற்கு முன்னே வைத்துக் கணக்கெழுதுவார்களாக.